கல்லூரிக் கூடைப்பந்தில் ‘ஷாட் செலக்‌ஷன்’ என்றால் என்ன?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வர்ணனையில் அடிக்கடி காதில் விழும் சொல் இது. எந்த இடத்திலிருந்து, எந்த நேரத்தில், யார் கூடையை நோக்கி எறிவது என்று தேர்ந்தெடுப்பதுதான் ஷாட் செலக்‌ஷன்.

இது முக்கியமாவதற்குக் காரணம் வெறும் கணக்கு. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து விழுந்தால் 3 புள்ளி, உள்ளிருந்து என்றால் 2. வெளியே நின்று 100 முறை எறிந்து 35 விழுந்தால் 105 புள்ளி. கோட்டுக்கு ஓரடி உள்ளே நின்று 40 விழுந்தாலும் 80தான். அதனால்தான் பல பயிற்சியாளர்கள் கூடைக்கு அடியிலோ கோட்டுக்கு வெளியிலோ வாய்ப்பைத் தேடுகிறார்கள்.

பேருந்து நிறுத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நெரிசலாக வரும் வண்டியை விட்டுவிடலாம், அடுத்தது காலியாக வரலாம். இரவு கடைசி வண்டி என்றால் படியில் தொங்கியாவது போக வேண்டும். ஆண்கள் ஆட்டத்தில் பந்து கைக்கு வந்தால் 30 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும். 3 வினாடி மிச்சம் என்றால் சுமாரான ஷாட்டும் சரிதான்.

எனக்குப் பிடித்த உதாரணம் 1996. பீட் கேரில் பயிற்றுவித்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணி, கல்லூரிக் கூடைப்பந்தின் நடப்புச் சாம்பியனான யுசிஎல்ஏவை (லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக அணி) 43-41 என்று சாய்த்தது. கடைசி நொடிகளில் ஒரு வீரர், தன்னை மறித்தவரின் முதுகுக்குப் பின்னால் நழுவி ஓடி, பந்தை வாங்கிக் கூடைக்கடியில் போட்டார். நல்ல வாய்ப்புக்காக அவ்வளவு பொறுமை!

விழுந்துவிட்டாலே நல்ல ஷாட் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு பேர் மறிக்க எறிந்தது உள்ளே போனாலும் பயிற்சியாளர் முகம் சுளிப்பார், ஆளில்லாத இடத்தில் எறிந்து தவறினால் “மறுபடியும் எறி” என்பார்.