‘போர்ட்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல் துறைமுகம், கைத்தொலைபேசித் துளை, கப்பலின் இடப்பக்கம் என்று இத்தனை பொருள்களை எப்படிப் பெற்றது?

கேள்வி கேட்டவர் நான்கு பொருள்களைச் சுட்டியிருந்தார். துறைமுகம் போர்ட், சார்ஜர் வயரைச் செருகும் துளை போர்ட், கப்பலின் இடப்பக்கம் போர்ட், ஒருவகைத் திராட்சை மதுவும் போர்ட். இவை ஒரு சொல்லின் பல பொருள்களா, வெவ்வேறு சொற்களா என்பது அவருடைய ஐயம்.

திருகோணமலையில் பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். இதே கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவள் ஒரு மாணவி. உட்துறைமுக வீதிப் பக்கமாக இருந்த ஒரு திருத்தகத்தில் என் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு நின்றபோது, அங்கிருந்த இளைஞர் துளைக்குள் மெல்லிய ஊசியை விட்டுக் கிளறி, சட்டைப்பைத் தூசியையும் பச்சை படிந்த உப்புத் துருவையும் வெளியே எடுத்துக் காட்டி, “சேர், போட் போயிட்டுது, மாத்தத்தான் வேணும்” என்றார். தன் அண்ணனுடன் அங்கு வந்திருந்த அந்த மாணவி, “சேர், எங்கட அப்பா வேலை செய்யிறதும் போட்டிலதானே, ரெண்டும் ஒரே சொல்லா?” என்று கேட்டாள். அன்று என்னிடம் முழுமையான விடை இருக்கவில்லை. பிறகு தேடிப் படித்து அவளுக்குச் சொன்னதையே இங்கும் விரித்து எழுதுகிறேன்.

அவை ஒரே சொல் அல்ல. இலத்தீனில் தனித்தனியாக இருந்த மூன்று சொற்கள், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தபோது ஈற்றை இழந்து ஒரே ஓசையில் நின்றுவிட்டன. ‘போர்ட்டுஸ்’ என்பது கப்பல் ஒதுங்கும் துறை. ‘போர்ட்டா’ என்பது வாயில். ‘போர்ட்டாரே’ என்பது சுமத்தல், எடுத்துச் செல்லல். மூன்றுக்கும் அடையாளம் அவற்றின் கடைசி அசையில்தான் இருந்தது. அந்த அசை உதிர்ந்ததும் அடையாளமும் போய்விட்டது. போர்த்துக்கேய மொழியில் ஈறு உதிரவில்லை. அங்கே இன்றும் துறைமுகம் ‘போர்த்து’, கதவு ‘போர்த்தா’. எவரும் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வதில்லை.

தமிழில் இதற்கு இணையாக நான் வகுப்பில் காட்டுவது ‘ஆறு’ என்ற சொல்லை. நீர் ஓடும் ஆற்றைச் சங்கப் புலவர்கள் ‘யாறு’ என்றும் வழங்கினர். முன்னால் இருந்த யகரம் தேய்ந்த பின்னர் அது எண்ணாகிய ஆறுடன் ஒன்றாகிவிட்டது. எண்ணுக்கும் நதிக்கும் உறவு ஏதும் இல்லை. ஓசை மட்டுமே ஒன்று. நமக்கு முன்னால் தேய்ந்தது, அவர்களுக்குப் பின்னால் தேய்ந்தது.

துறைமுகம் என்ற பொருளிலிருந்து பிறந்தவற்றை முதலில் பார்க்கலாம். விமானத்துக்கும் ஒரு துறை வேண்டும் என்ற எண்ணத்தில் உருவானது ‘எயார்போர்ட்’. மதுவின் பெயர் போர்த்துக்கல்லின் வடபகுதியில் டோரோ ஆற்றின் கழிமுகத்தில் உள்ள போர்த்தோ என்ற நகரத்திலிருந்து வந்தது. அந்த மது அங்கிருந்துதான் கப்பலேறியது. நகரத்தின் பெயருக்கே துறைமுகம் என்றுதான் பொருள். உரோமர் காலத்தில் அந்தக் கழிமுகத்தில் இருந்த ‘போர்ட்டுஸ் காலே’ என்ற ஊரின் பெயரே நாளடைவில் முழு நாட்டுக்கும் போர்த்துக்கல் என்று ஆனது. 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு நம் ஊரில் கோட்டை கட்டியவர்களை நாம் போர்த்துக்கேயர் என்று சொல்லும்போதெல்லாம், நம்மை அறியாமலே துறைமுகத்துக்கான இலத்தீன் சொல்லை வாயில் வைத்திருக்கிறோம்.

இந்தக் கிளையில் என்னை மிகவும் ஈர்த்தது ‘ஒப்பர்ச்சூனிற்றி’, அதாவது வாய்ப்பு. இலத்தீனில் ‘ஒப்’ என்பது ‘நோக்கி’. ‘ஒப்போர்ட்டூனுஸ்’ என்றால் துறைமுகத்தை நோக்கி வீசும் காற்று. பாய்மரக் கப்பலுக்கு அந்தக் காற்று கிடைத்தால்தான் கரை. இதன் அருமையைத் திருகோணமலைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. ஆடி மாதத்தில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும்போது, வெளியே நிற்கும் பாய்ப்படகு கரையைக் கண்ணால் கண்டுகொண்டே உள்ளே வர முடியாமல் தத்தளிக்கும். உரோமர் வாய்ப்பு என்பதைத் துறைமுகக் காற்றில் கண்டனர். நெற்களத்தில் நின்ற நம் முன்னோர் அதையே ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்றனர். கடலும் களமும் வேறு. காத்திருந்தது ஒரே காற்றுக்கு.

வாயில் என்ற பொருளுக்கு வருவோம். தொலைபேசித் துளை இந்தக் கிளையைச் சேர்ந்தது. மின்சாரமும் தகவலும் உள்ளே புகுந்து வெளியேறும் வாயில் அது. கணினிகள் இணையத்தில் பேசிக்கொள்ளும்போது பயன்படும் இலக்கமிட்ட போர்ட்களும் அப்படியே. பாதுகாப்பான இணையப் பக்கம் ஒன்றைத் திறக்கும்போது உங்கள் கணினி வழக்கமாக எதிர்க்கணினியின் 443ஆம் இலக்க வாயிலைத் தட்டுகிறது. பழைய போர்க்கப்பல்களின் பக்கவாட்டில் பீரங்கியின் வாய் நீட்டுவதற்காக வெட்டப்பட்டு, மூடி இடப்பட்ட சதுரத் துளைகளுக்கும் போர்ட் என்றே பெயர். தூண்கள் தாங்கும் முன்மண்டபமாகிய ‘போர்ட்டிக்கோ’வும், வீட்டு முகப்பாகிய ‘போர்ச்’சும் இந்தக் கிளையின் உறவினரே. ‘பாஸ்போர்ட்’ என்பதில் உள்ளது துறைமுகமா, நகரத்தின் கோட்டை வாயிலா என்று ஆய்வாளர் இரு பக்கமாகவும் பேசுவதுண்டு. தமிழில் ‘கடவுச்சீட்டு’ என்று ஆக்கியவர் அந்த வழக்குக்குள் புகாமல், கடந்து செல்லும் வழி என்ற பொதுப்பொருளை எடுத்துக்கொண்டார். மிகச் சிறந்த ஆக்கம் என்பேன். ஆங்கிலச் சொல்லைவிட அது தெளிவாக இருக்கிறது.

மூன்றாவது சொல்லாகிய சுமத்தல் தொடர்பாகத்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். நானும் நெடுங்காலம் தவறாகவே எண்ணியிருந்தேன். ‘எக்ஸ்போர்ட்’, ‘இம்போர்ட்’ என்பவற்றில் உள்ளது துறைமுகம் என்று நினைத்திருந்தேன். துறைமுக ஊரில் வளர்ந்தவன் வேறு எப்படி நினைப்பான்? கோதுமையும் சீமெந்து மூலப்பொருளும் கப்பலில் வந்திறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அது ஐயமில்லாத உண்மையாகப் பட்டது. ஆனால் அவை ‘வெளியே சுமந்து செல்’, ‘உள்ளே சுமந்து வா’ என்ற வினைகளே. துறைமுகமே இல்லாத நாடும் ஏற்றுமதி செய்யலாம். நம் ‘ஏற்றுமதி’, ‘இறக்குமதி’ ஆகிய சொற்களும் துறையைச் சொல்லாமல், சுமையை ஏற்றுவதையும் இறக்குவதையும்தான் சொல்கின்றன.

இந்த வினையின் குடும்பம் மிகப் பெரிது. ‘ரிப்போர்ட்’ என்பது செய்தியைத் திரும்பச் சுமந்து வருதல். ‘சப்போர்ட்’ என்பது கீழிருந்து தாங்கிச் சுமத்தல். ‘இம்போர்ட்டன்ற்’ என்பது விளைவைத் தன்னோடு கொண்டுவரக்கூடியது, ஆகவே முக்கியமானது. ‘ஸ்போர்ட்’ என்பது முன்னொட்டைப் பாதி இழந்துவிட்ட பழைய பிரெஞ்சுச் சொல். வேலையிலிருந்து மனத்தை வேறிடத்துக்குச் சுமந்து செல்வதே விளையாட்டு. ஒரு மென்பொருளை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி அமைப்பதைப் ‘போர்ட் செய்தல்’ என்கிறார்களே, அதுவும் சுமத்தல்தான். ஆகவே கணினித் துறையிலேயே வாயில் ஒன்றும் சுமை ஒன்றுமாக இரண்டு போர்ட்கள் உள்ளன. ‘போர்ட்டர்’ என்ற சொல்லும் இப்படியே இரண்டாகப் பிரிகிறது: புகையிரத நிலையத்தில் பெட்டி தூக்குபவர் சுமத்தலிலிருந்து வந்தவர், பழைய மாளிகைகளின் வாயிற்காவலர் வாயிலிலிருந்து வந்தவர். நல்ல அகராதிகள் இவ்விருவரையும் தனித்தனிச் சொற்களாகவே பதிகின்றன.

கப்பலின் இடப்பக்கம் எஞ்சியிருக்கிறது. பழைய வடகடல் படகுகளில் சுக்கான் பின்னால் நடுவில் இருக்கவில்லை. வலப்பக்கத்தில் ஒரு பெரிய துடுப்பாகத் தொங்கியது. அதனால் வலப்பக்கம் ‘ஸ்டார்போர்ட்’, அதாவது சுக்கான் பக்கம். அதில் விண்மீன் எதுவும் இல்லை. ‘ஸ்டியர்’ என்ற வினையின் பழைய வடிவமே அது. ‘போர்ட்’ என்று இங்கே ஒலிப்பது பலகை, கப்பலின் பக்கம் என்ற பொருளுடைய வேறொரு சொல். சுக்கான் துடுப்பு நசுங்காமல் இருப்பதற்காகப் படகை இடப்பக்கமாகவே கரையில் அணைத்துச் சரக்கை ஏற்றினர். அதனால் இடப்பக்கம் ‘லார்போர்ட்’ எனப்பட்டது. சரக்கேற்றும் பக்கம் என்பதே அதன் பொருளாகக் கொள்ளப்படுகிறது.

இரண்டு சொற்களையும் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். ஸ்டார்போர்ட், லார்போர்ட். அலையும் காற்றும் இரைய, பாய்மரத்தின் உச்சியில் நிற்பவனுக்குக் கீழிருந்து கத்தினால் காதில் விழுவது பின்பாதி மட்டுமே. வலமா இடமா என்பதில் பிழை நேர்ந்தால் கப்பல் பாறையில் ஏறும். எனவே சுக்கானைத் திருப்பும் கட்டளைகளில் மட்டும் ‘போர்ட்’ என்ற சொல் பல நூற்றாண்டுகளாக வழங்கிவந்தது. அது துறையை நோக்கிய பக்கம் என்பதாலா, சரக்கு வாயில் இருந்த பக்கம் என்பதாலா என்பதற்கு இரு விளக்கங்களும் உண்டு. 1844இல் பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம் இனி எல்லா இடத்திலும் ‘போர்ட்’ என்றே சொல்லவேண்டும் என்று ஆணையிட்டது. 1846இல் அமெரிக்கக் கடற்படையும் அதைப் பின்பற்றியது.

இந்த மாற்றத்தின் இரு கரையிலும் நின்ற கப்பல் ஒன்றுக்கு நம் ஊரின் பெயர். 1782இல் இங்கே நடந்த கடற்போரின் நினைவாக ‘திரிங்கோமலி’ என்று பெயரிடப்பட்ட அந்தப் போர்க்கப்பல், பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1817இல் கடலில் இறக்கப்பட்டது. அப்போது அதன் இடப்பக்கம் லார்போர்ட். 1819இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரத்தை அடைந்து, போர் இல்லாத காலமாகையால் அங்கேயே பல ஆண்டுகள் ஒதுக்கி நிறுத்தப்பட்டது. 1847இல் பணிக்கு எடுக்கப்பட்டபோது அதே இடப்பக்கம் போர்ட் ஆகியிருந்தது. ஒரு பலகைகூட இடம் மாறவில்லை. பெயர் மட்டும் மாறியது. இன்றும் அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரத்தில், மிதந்துகொண்டிருக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் மிகப் பழையதாக இருக்கிறது. அது காத்து நின்ற போர்ட்ஸ்மத் என்ற ஊர்ப்பெயரைப் பிரித்தால் துறையின் வாய், அதாவது துறை முகம். கழிமுகம் என்கிறோமே, அந்த முகம்தான். எங்கள் ஊர் மக்கள் நாளும் சொல்லும் சொல்லின் சரியான ஆங்கில நிகர் ஓர் ஊர்ப்பெயராக அங்கே கிடப்பதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

லார்போர்ட் குழப்பம் நம்மிடமும் உண்டு. நம் நாவில் துறைமுகமும் ‘போட்’, அறிவிப்புப் பலகையும் ‘போட்’, படகும் ஏறக்குறைய ‘போட்’, கோட்டையும் சிலருக்குப் ‘போட்’. இவற்றுள் கோட்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘வலிமையான’ என்ற பொருளுடைய வேறோர் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மேற்சொன்ன மூன்றுடன் அதற்கு உறவில்லை. பங்கு என்னும் ‘போர்ஷன்’, உருவப்படம் என்னும் ‘போர்ட்ரெய்ட்’ ஆகியவையும் ஓசையால் மட்டுமே நெருங்கியவை. ஆகவே ஒரு சொல்லில் ‘போர்ட்’ கேட்டால், அங்கே துறை இருக்கிறதா, வாயில் இருக்கிறதா, சுமை இருக்கிறதா என்று பொருளைக் கேட்டுப் பாருங்கள். எதுவுமே பொருந்தாவிட்டால் அது வெளியார்.

மாணவிக்கு இவ்வளவும் சொன்ன பிறகு அவள், “அப்ப மூண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லையா, சேர்?” என்று ஏமாற்றத்துடன் கேட்டாள். தொடர்பு உண்டு, இலத்தீனுக்கும் முந்திய காலத்தில் உண்டு. கடத்தல், அக்கரை சேர்த்தல் என்ற பொருளுடைய ‘பெர்’ என்ற ஒரே வேரிலிருந்து துறையும் வாயிலும் சுமத்தலும் கிளைத்தன என்பது மொழியியலாளர் முடிவு. அந்த வேரின் பகரம் ஆங்கிலம் பிறந்த செருமானியக் கிளையில் ஃபகரமாக மாறியது. அப்படி வந்தவைதான் ஆற்றை நடந்து கடக்கும் இடமாகிய ‘ஃபோர்ட்’, பயணக் கட்டணமாகிய ‘ஃபெயார்’, ஆளையும் வண்டியையும் அக்கரை சேர்க்கும் ‘ஃபெரி’. முதலாவது கோட்டையைக் குறிக்கும் சொல் அல்ல. ஒக்ஸ்ஃபோர்ட் என்னும் ஊர்ப்பெயரின் கடைசியில் நிற்பது.

அவளுடைய அம்மாவின் ஊர் கிண்ணியா. 2009இல் பாலம் திறக்கப்படும் முன்னர் அங்கே வாகனங்களை ஏற்றி அக்கரைக்கு இழுத்துச் சென்ற மிதவையை எங்கள் பகுதியில் எவரும் ‘ஃபெரி’ என்றதில்லை, ‘பாதை’ என்றார்கள். “பாதை இந்தக் கரைக்கு வந்திட்டுதா?” என்று கேட்டுக்கொண்டு வெயிலில் நிற்பார்கள். மிதவைக்கும் வழிக்கும் ஒரே சொல். அதை நினைவூட்டியதும் அவள் வேறு விளக்கம் எதுவும் கேட்கவில்லை. தன் கொப்பியில் போர்ட், ஃபெரி, பாதை ஆகிய மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டாள்.