டபுள் புரமோஷன் கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி – தொடக்கக் கல்வி ஆசிரியர்களும் குழந்தை உளவியலாளர்களும் சேர்ந்து தரும் பதில்கள்

கேள்வி: எங்கள் மகன் இந்த ஏப்ரலில் இரண்டாம் வகுப்பை முடித்தான். பிறந்தது 2018 செப்டம்பர். அக்காவின் ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் தடுக்காமல் வாசிக்கிறான். வகுப்பில் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு மற்ற பிள்ளைகளைத் தொந்தரவு செய்வதாகச் சொல்கிறார்கள். "மூன்றாம் வகுப்பு வேண்டாம், நேரே நாலில் போடலாம்" என்கிறார் டீச்சர். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. என்ன செய்யலாம்?
– வாசகி, பாபநாசம்

பதில்: முதலில் அவன் பிறந்த மாதத்தைப் பாருங்கள். ஜூலை 31-க்குள் 5 வயது நிறைந்தால்தான் ஒன்றாம் வகுப்பு என்பது நம் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளின் கணக்கு. செப்டம்பரில் பிறந்தவன் என்பதால் அந்தத் தேதியைச் சிறிய இடைவெளியில் தவறவிட்டு, ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருந்து 2024 ஜூனில் சேர்ந்திருக்கிறான். இன்றைய வகுப்பில் அவன் மூத்த பிள்ளைகளில் ஒருவன். நாலாம் வகுப்பில் உட்கார்ந்தாலும் அங்குள்ள கடைசிப் பிள்ளையைவிட ஓரிரு மாதம்தான் சிறியவன். இதே கேள்வியை ஜூன் மாதம் பிறந்து, 5 நிறைந்ததும் பள்ளிக்கு வந்த குழந்தைக்குக் கேட்டிருந்தால் நாங்கள் இவ்வளவு தைரியமாகப் பேசியிருக்க மாட்டோம்.

அடுத்து, வாசிப்பு மட்டும் போதாது. தாண்டப்போகும் மூன்றாம் வகுப்பின் மூன்றாம் பருவப் புத்தகத்தை எடுங்கள். முதல் பருவப் புத்தகத்தை வைத்துப் பார்க்கிற பெற்றோர் பலர் உண்டு. அது இரண்டாம் வகுப்பின் தொடர்ச்சிதான், எதையும் காட்டாது. முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்காமல், ஒரு நாளைக்கு ஒரு பாடம், அரை மணி நேரத்துக்கு மேல் போகாமல் செய்யச் சொல்லுங்கள்.

கணக்கில் பல பாடங்களிலிருந்தும் கலந்து 20 கணக்கு. கடன் வாங்கிக் கழித்தல், பெருக்கல், பங்கிடுதல் எல்லாம் அதில் இருக்கட்டும். 16-க்கு மேல் சரியென்றால் மிச்சத்தை மே மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். 10, 12 என்றால் அவனுக்கு மூன்றாம் வகுப்பு தேவைப்படுகிறது. தமிழில் இதுவரை பார்க்காத ஒரு பத்தியை நாலாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து வாசிக்க வைத்து, புத்தகத்தை மூடிவிட்டு, என்ன படித்தாய் என்று கேளுங்கள். தடுக்காமல் வாசிக்கிற பிள்ளைகளில் சிலருக்கு அர்த்தம் பாதிதான் போயிருக்கும். பிறகு 20 சொற்களைச் சொல்லி எழுத வையுங்கள். ர–ற, ல–ள–ழ, ந–ன–ண வருகிற சொற்களாகப் பொறுக்கி எடுங்கள். மூன்றாம் வகுப்பில் அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனிப் பாடங்களாகின்றன. அவற்றின் பாடத் தலைப்புகளைப் பற்றி வாயால் பேசவிட்டுப் பார்த்தால் போதும்.

கையெழுத்தைக் கடைசியில் சொல்வதால் சிறிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். வகுப்பு தாண்டிய பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். மூளை ஓடுகிற வேகத்துக்கு 7 வயது விரல் ஓடாது. கரும்பலகையில் இருப்பதை முடிப்பதற்குள் டீச்சர் அழித்துவிடுவார். 10 நிமிடம் ஒரு பக்கத்தைப் பார்த்து எழுத வைத்து, நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் அதே நேரத்தில் எழுதும் அளவோடு ஒப்பிடுங்கள். பாதிக்கும் கீழே இருந்தால் தாண்டுவதைத் தள்ளிப்போடுங்கள்.

புதிய வகுப்பில் பாஸ் ஆவானா என்று கேட்காதீர்கள். முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வருவானா என்று கேளுங்கள். இன்று சலிப்பில் குறும்பு செய்கிறவனைக் கொண்டுபோய் நாளை திணறலில் உட்காரவைத்தால் எந்தப் பயனும் இல்லை.

அறிவுத்திறனை அளக்கும் உளவியல் சோதனையும் ஒருமுறை செய்துவிடுவது நல்லது. 6 முதல் 15 வயது வரைக்கான மாலின் சோதனை, பினே–காமத் சோதனை இரண்டும் இந்தியக் குழந்தைகளுக்காக அமைக்கப்பட்டவை. தஞ்சை, திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் மருத்துவ உளவியலாளர் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். தமிழில் நடத்துவாரா என்பதை முதலில் கேளுங்கள். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளையிடம் ஆங்கிலத்தில் சொற்பொருள் கேட்டால் மதிப்பெண் குறைந்துதான் வரும். மாலின் சோதனையில் மொழிப் பகுதிக்கும் செயல் பகுதிக்கும் தனித்தனி எண் உண்டு, இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

இனி பள்ளி. டபுள் புரமோஷன் பெற்றோர் உரிமையாகக் கேட்டு வாங்கக்கூடியது அல்ல. தலைமையாசிரியர் சம்மதிக்க வேண்டும், வட்டாரக் கல்வி அலுவலருக்குத் தெரிய வேண்டும், எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் வகுப்பு மாற வேண்டும். பெஞ்சில் நாலாம் வகுப்பு, எமிஸில் மூன்றாம் வகுப்பு என்று வாய்மொழியாக விட்டுவைத்தால் மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளில் சிக்கல் வெடிக்கும். வயது பொருந்தட்டும் என்று பிறந்த தேதியை மாற்றிச் சொல்லும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிறப்புச் சான்று, ஆதார் எல்லாவற்றோடும் வாழ்நாள் முழுக்க மோத வேண்டியிருக்கும்.

ஜூன் முதல் வாரத்திலேயே உட்காரவைத்து, ஆறு வாரம் பார்ப்போம் என்று தலைமையாசிரியரோடு ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். பையனிடமும் "பிடிக்காவிட்டால் உன் வகுப்புக்கே வரலாம்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த முயற்சியைத் தொடங்க வேண்டாம். டெல்டாவில் மழை விடுமுறை போக மிஞ்சுகிற நாட்களை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இன்னொன்று: உங்கள் ஊர்ப் பள்ளி ஐந்தோடு முடிகிறதா? அப்படியானால் ஆறாம் வகுப்புக்கு டவுன் பஸ்ஸில் தனியாகப் போகும் வயதும் ஒரு வருடம் முன்னே வரும். வீட்டில் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

கேள்வி: மகள் மூன்றாம் வகுப்பு. கணக்கில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கிறாள். தமிழும் ஆங்கிலமும் சுமார்தான். சொந்தக்காரர்கள் எல்லாம் "கும்பகோணத்து ராமானுஜன் மாதிரி" என்கிறார்கள். வகுப்பைத் தாண்டவிடலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம். ராமானுஜனின் கதையே உங்களுக்குப் பதில் சொல்கிறது. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் பரிசுகள் வாங்கியவர், 1904-இல் கல்லூரிக்குப் போனதும் கணிதத்திலேயே மூழ்கி, மற்றப் பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்தார். ஒரு பாடத்தில் மட்டும் ஓடுகிற பிள்ளைக்கு அந்த ஒரு பாடத்தில் மட்டும் வழி விடுங்கள். கணக்குப் பாடவேளையில் மட்டும் அவள் ஐந்தாம் வகுப்பில் போய் உட்காரட்டும், மற்ற நேரம் தன் தோழிகளோடு இருக்கட்டும். இரண்டு வகுப்புக்கும் கணக்குப் பாடவேளை ஒரே நேரத்தில் வருமாறு கால அட்டவணையை மாற்றினால் போதும். ஈராசிரியர் பள்ளியில் இது இன்னும் எளிது. பல வகுப்பும் ஒரே அறையில்தானே இருக்கின்றன.

அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரிப்பதை உங்கள் டீச்சர் அறிவார். அதே முறையை மேல்நோக்கி ஒரு படி நீட்டச் சொல்லிக் கேளுங்கள். பெரிய எண்களில் நூறு கணக்கு கூடுதலாகக் கொடுத்து வாயை அடைப்பது மட்டும் வேண்டாம். சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனை என்றுதான் குழந்தை அதைப் புரிந்துகொள்ளும்.

கேள்வி: என் பேத்தி தாண்டினால் அவள் அண்ணன் படிக்கும் வகுப்புக்கே வருவாள். பரவாயில்லையா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: தாண்டவிடாதீர்கள், அம்மா. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் உருவான வகுப்புத் தாண்டல் அளவுகோல், சில நிலைமைகளில் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம் என்கிறது. அண்ணனோ அக்காவோ அந்த வகுப்பில் இருப்பது அதில் ஒன்று. குழந்தைக்கே விருப்பம் இல்லாதது இன்னொன்று. நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 115-க்குக் கீழே இருப்பதும் அப்படித்தான். பேத்திக்கு வேறு வழி தேடலாம்; பேரனுக்கு விழும் அடியை எந்த வழியிலும் ஈடுகட்ட முடியாது.

கேள்வி: மகளை டாக்டருக்குப் படிக்க வைக்க ஆசை. வகுப்பு தாண்டினால் நீட் எழுத வயது இடிக்குமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: மருத்துவப் படிப்பில் சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைய வேண்டும் என்பது விதி. மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டிலிருந்து 6-ஐக் கழியுங்கள். அந்த ஆண்டிலோ அதற்கு முன்போ பிறந்திருந்தால் ஒரு வகுப்பு தாண்டினாலும் இடிக்காது. 2024-இல் சேர்ந்த குழந்தை 2018 டிசம்பருக்குள் பிறந்திருந்தால் சரி. 2019 மார்ச்சில் பிறந்திருந்தால் பன்னிரண்டை முடித்துவிட்டு ஒரு வருடம் வீட்டில் காத்திருக்க வேண்டும், தாண்டியதில் லாபமே இல்லை.

கேள்வி: ஜூனில் மகளை மூன்றிலிருந்து நேரே ஐந்தாம் வகுப்பில் சேர்த்தோம். எப்போதும் முதல் ரேங்க் எடுத்தவள், காலாண்டுத் தேர்வில் கணக்கில் 58. காலையில் வயிற்றுவலி என்கிறாள். திரும்ப நாலில் போட்டுவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மதிப்பெண்ணையும் வயிற்றுவலியையும் தனித்தனியாகப் பாருங்கள். கணக்கு வினாத்தாளையும் விடைத்தாளையும் வைத்துக்கொண்டு, போன 42 மதிப்பெண்ணை மூன்றாகப் பிரியுங்கள். நாலாம் வகுப்பில் கற்க வேண்டியதைக் கற்காததால் போனது எவ்வளவு? நீள வகுத்தலும் பின்னமும்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். நேரம் போதாமல் கடைசிப் பக்கம் காலியாக விட்டதால் எவ்வளவு? எழுதியும் புரியாமல் தவறானது எவ்வளவு? முதல் வகை, தினம் 40 நிமிடம் நாலாம் வகுப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் இரண்டு மாதத்தில் சரியாகிவிடும். இரண்டாம் வகைக்கு எழுத்துப் பயிற்சி. மூன்றாம் வகையே அதிகம் என்றால் வகுப்பு அவளுக்குக் கனமாக இருக்கிறது.

வயிற்றுவலி ஞாயிற்றுக்கிழமையும் வருகிறதா? வந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளி நாளில் மட்டும் வந்தால், மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று கேளுங்கள். ஒரு பெயர் சொன்னால் கவலை குறைவு. பெயரே வராமல், சாப்பாட்டு டப்பாவும் நிறைந்தபடி திரும்பினால் 58-ஐவிட அதுதான் அவசரம். வகுப்பாசிரியரிடம் சொல்லி, நிதானமான ஒரு பெண் பக்கத்தில் இடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். பழைய தோழிகளோடு மாலையில் விளையாட விடுங்கள். இரண்டு மூன்று வாரத்திலும் மாற்றம் இல்லாவிட்டால், மதிப்பெண் எப்படி இருந்தாலும் நாலுக்கே அழைத்துவந்துவிடுங்கள், எமிஸ் பதிவையும் கையோடு திருத்திவிடுங்கள். "நாங்கள்தான் அவசரப்பட்டோம்" என்று அவளிடம் நீங்கள் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள் முன்னால் தோற்றுவிட்டாள் என்ற பேச்சே வரக்கூடாது.

சாப்பாடும் தூக்கமும் சரியாகி, ஒரு தோழியும் கிடைத்துவிட்டால் அரையாண்டு வரை பொறுங்கள். அந்த விடைத்தாளையும் இதேபோல் பிரித்துப் பாருங்கள். முதல் வகைத் தவறு பாதியாகக் குறைந்திருந்தால் அவள் ஐந்தாம் வகுப்பிலேயே இருக்கட்டும்.