முதியோருடன் பணிபுரியப்போகும் சமூகப்பணி மாணவர்கள் ‘அன்றாடச் செயல் மதிப்பீடு’ கற்பது ஏன்?

முதியவர் எதைத் தானே செய்கிறார், எதற்குக் கைகொடுக்க வேண்டும் என்று பார்த்துக் குறிப்பதுதான் இது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய்வருவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலசலத்தை அடக்குவது, சாப்பிடுவது என 6 செயல்கள். தானே செய்தால் தலா 1 மதிப்பெண்.

நோயின் பெயரை வைத்து உதவியின் அளவைச் சொல்ல முடியாது. முழங்கால் தேய்ந்த இருவரில் ஒருவர் கடைக்கு நடந்தே போவார். மற்றவரால் கழிப்பறையில் குந்தவே முடியாது. பழைய வண்டி வாங்கும்போது ஆர்.சி. புத்தகத்தை மட்டும் பார்க்காமல் ஓட்டியும் பார்ப்போமே, அதுபோலத்தான்.

மாணவர்கள் சறுக்குவது, மருமகளிடம் கேட்டு எழுதிக்கொள்ளும்போது. முதியவரிடமே “கொஞ்சம் எழுந்து காட்டுங்கம்மா” என்று சொல்லிவிட்டு, அவர் கை எதைப் பிடிக்கிறது என்று கவனிக்க வேண்டும்.

மதிப்பெண் குறைந்தால் முதியோர் இல்லம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பல வீடுகளில் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியும் உயரமான கழிப்பறை இருக்கையுமே போதும்.