பிக்கப் கூரையில் ஐந்து விளக்கு: ட்ரில்லைக் கையில் எடுக்கும் முன்

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறேன். 2019 ஃபோர்டு எஃப்-250 வைத்திருக்கிறேன், கூரை விளக்கு இல்லாத மாடல். இரவில் டிரெய்லர் இழுப்பதால் கேபினுக்கு மேல் அந்த ஐந்து மஞ்சள் விளக்குகளைப் போட ஆசை. துளை எதற்கு, காந்த விளக்கு வாங்கி ஒட்டிவிடு என்கிறார் நண்பர். நானே போடலாமா? மழையில் ஒழுகாதா?

பதில்: காந்த விளக்கு உங்கள் வண்டியில் நிற்காது. எஃப்-250 அடங்கும் சூப்பர் டியூட்டி வரிசையில் 2017 மாடலிலிருந்து கேபின் அலுமினியம், காந்தம் ஒட்டாது. ஆகவே துளைதான். நீங்களே போடலாம், ஒரு முழுப் பகலை ஒதுக்கிக்கொள்ளுங்கள். விளக்கை எரிய வைப்பது சுலபம். ஹெட்லைனரை, அதாவது கூரையின் உள்பக்க மூடியை, இறக்குவதும், துளையைத் தண்ணீர் புகாமல் அடைப்பதும்தான் நேரத்தைத் தின்னும்.

முதலில் இடம். மொத்த அகலம் 80 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள வண்டிகளுக்கு அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 108 என்ற வாகன விளக்கு விதி முன்பக்கம் நடுவில் மூன்று, ஓரங்களில் ஒவ்வொன்று என்று கேட்கிறது. பின்னால் இரட்டைச் சக்கரம் போட்ட அகலமான பிக்கப்புகளில் கம்பெனியிலிருந்தே இவை வருவது அதனால்தான். நீங்களும் அதே அளவைப் பின்பற்றுங்கள்: நடு மூன்றும் மையத்துக்கு மையம் 6 முதல் 12 அங்குலத்துக்குள், ஓர விளக்குகள் முடிந்தவரை வெளியே, எல்லாம் மஞ்சள். முன்பக்கம் சிவப்போ நீலமோ போட்டால் போலீஸ் நிறுத்துவார்கள்.

உங்கள் மாடல் ஆண்டுக்கென்றே வரும் கிட் வாங்குங்கள். கூரை வளைவாக இருப்பதால் நடு விளக்கின் அடிப்பகுதியும் ஓர விளக்கின் அடிப்பகுதியும் ஒரே வடிவத்தில் இருக்காது. பொதுவான கிட்டை வைத்தால் ஒரு மூலை எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கும். தண்ணீர் அங்கேதான் நுழையும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். கதவுகளுக்கு மேலே, கூரையின் இரு ஓரமும் கர்ட்டன் ஏர்பேக் மடித்துக் கிடக்கிறது. சன் வைசர், நடுக் கன்சோல், கைப்பிடிகள், ஏ பில்லர் (முன்கண்ணாடியின் பக்கத்தூண்) மூடி ஆகியவற்றைக் கழற்றினால் ஹெட்லைனரின் முன்பாதி ஒரு சாண் இறங்கும். அது போதும். அதற்கு மேல் வளைத்தால் விழும் மடிப்பு பிறகு போகாது. இப்போது டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்: குறுக்குச் சட்டம் எங்கே ஓடுகிறது, சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகுழாய் எங்கே, ஒயர் கட்டு எங்கே. இதைப் பார்க்காமல் மேலிருந்து துளைப்பவர்கள்தான் எதையாவது கிழிக்கிறார்கள்.

கூரை முழுக்க அகலமாக மாஸ்கிங் டேப் ஒட்டி, கண்ணாடியின் நடுவிலிருந்து மையக்கோடு இழுத்து, கிட்டில் வந்த அச்சுத்தாளை வையுங்கள். ஐந்தையும் குறித்த பிறகு பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு 3 மி.மீ. பிட்டால் முன்துளை, அச்சுத்தாள் சொல்லும் அளவுக்கு ஸ்டெப் பிட்டால் (படிப்படியாக அகலும் கூம்பு பிட்) பெரிதாக்கல். பிட்டில் தேவையான ஆழத்துக்கு டேப் சுற்றிவிட்டால் அதிகம் இறங்காது. முனையில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் சீவல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தை வேக்வம் போட்டு எடுங்கள். கையால் தள்ளினால் பெயின்ட் முழுக்கக் கோடு விழும்.

வெட்டிய விளிம்பை அரத்தால் மழித்து, அலுமினியத்தில் பெயின்ட் பிடிக்க உதவும் எட்ச் பிரைமரும் டச்-அப் பெயின்டும் தடவிக் காயவிடுங்கள். அலுமினியம் துருப்பிடிக்காதே என்று விட்டுவிடக் கூடாது. இரும்பு ஸ்க்ரூ நேராக அதைத் தொட்டு, நடுவில் ஈரமும் சேர்ந்தால், வெள்ளைப் பொடி பூத்து அலுமினியம் அரிபடும், சுற்றிலும் பெயின்ட் கொப்புளிக்கும். கிட்டில் வரும் நைலான் அல்லது ரப்பர் நட்டையே பயன்படுத்துங்கள். பெட்டியில் உருளும் பழைய இரும்பு ஸ்க்ரூ வேண்டாம்.

சீலன்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வினிகர் வாடை அடிக்கும் சாதாரண பாத்ரூம் சிலிகான் அமிலத்தைக் கக்கும். உலோகத்தையும் செம்பு ஒயரையும் அரிக்கும். அந்த அமிலம் வராத நியூட்ரல் கியூர் சிலிகானோ யூரிதேன் சீலன்ட்டோ வாங்குங்கள். ஒயர்த் துளையைச் சுற்றியும் ஸ்க்ரூத் துளைகளைச் சுற்றியும் தொடர்ச்சியான வளையமாகப் போடுங்கள். விளக்கின் வெளி விளிம்பில் முன்னும் பக்கமும் மட்டும் பூசி, பின்பக்கம் சிறு இடைவெளி விடுங்கள். எப்படியாவது நுழைந்த நீர் அந்த வழியாக வெளியேறும். ஸ்க்ரூவைக் கைமுறுக்கால், கேஸ்கெட் லேசாக அமுங்கும் வரை மட்டும். இம்பாக்ட் ட்ரைவர் வைத்தால் பிளாஸ்டிக் அன்றைக்கே விரிசல் விடும், உங்களுக்குத் தெரிவது அடுத்த மழையில்.

ஐந்து விளக்கையும் பேரலலாக, 18 கேஜ் ஒயரில் இணையுங்கள். பழைய 194 பல்பு ஒன்றுக்கு 0.27 ஆம்பியர்; ஐந்துக்கு 1.35. எல்இடி அதில் சிறு பங்குதான் இழுக்கும். எதுவானாலும் 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஒயரை ஏ பில்லர் வழியாக இறக்கும்போது ஏர்பேக்குக்குப் பின்னால் கொண்டுபோங்கள். அதன் மேல் குறுக்காகவோ அதோடு சேர்த்தோ டை கட்டினால், விபத்தில் பை விரியாமல் போகலாம். எர்த்தை டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கம்பெனி எர்த் போல்ட்டில் கொடுங்கள். இணைப்புகளுக்குப் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் கிரிம்ப். கடிக்கும் கிளிப் வேண்டாம், அது ஒயரின் பாதி இழையை அறுத்துவிடும்.

விளக்குகளுக்கு மின்சாரம் எடுக்கப் பார்க்கிங் விளக்கு ஒயரில் நேராக இணைக்கவும் வேண்டாம். இப்போதைய வண்டிகளில் கணினிப் பெட்டி விளக்குக்கான மின்சாரத்தைத் துடிப்பாக அனுப்புவதுண்டு. எல்இடி மினுக்கும், ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்தால் கடகடவென்று அடிக்கும். டிரெய்லர் சாக்கெட்டுக்குப் போகும் ரன்னிங் லைட் ஒயரை மீட்டரால் சோதித்துப் பாருங்கள். டிரெய்லர் மாட்டாதபோதும் நிலையாக 12 வோல்ட் வந்தால் அதிலிருந்து ரிலேயை இயக்கலாம். கன்சோலில் அப்ஃபிட்டர் சுவிட்ச் (கூடுதல் கருவிகளுக்காகக் கம்பெனியே வைக்கும் சுவிட்ச்) இருந்தால் இன்னும் நிம்மதி, விளக்கை நீங்கள் மறக்காமல் போட வேண்டும் என்பது மட்டும்தான். ஒன்று மட்டும் எரியவில்லையா? எல்இடியைத் திருப்பி மாட்டியிருப்பீர்கள். ஐந்துமே மங்கலா? எர்த்தைப் பாருங்கள்.

ஹெட்லைனரை ஏற்றும் முன், சீலன்ட் டப்பாவில் சொன்ன நேரம் காய்ந்த பிறகு, முன்பக்கத்திலிருந்து கூரையை நோக்கி ஹோஸ் பிடித்துப் பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். மேலிருந்து ஊற்றிப் பார்ப்பது பத்தாது. ஹைவேயில் மழை முன்னாலிருந்துதான் கேஸ்கெட்டுக்கு அடியில் புகும். உள்ளே ஒருவர் டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு துளையையும் தொட்டுப் பார்க்கட்டும். ஈரம் நடு விளக்கில் நுழைந்தாலும் தகட்டின் அடியிலேயே ஊர்ந்து ஏ பில்லரில் இறங்கி, கால்மிதிக் கம்பளத்தில் தெரியும். அதற்குள் மூடிவிட்டால் எந்தத் துளை என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டிவரும்.