என் வழக்கு எந்த நீதிபதியிடம் போகும்? – கேள்வி பதில்

சிறப்பு அறிவு தேவைப்படும் வழக்குகளை நீதிமன்றங்கள் எப்படிப் பிரித்துக் கொடுக்கின்றன என்று பலர் கேட்டிருந்தீர்கள். வழக்கறிஞராக நான் அறிந்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

சார், காப்புரிமை (பேட்டண்ட்) வழக்குப் போட்டால் அந்தத் துறை தெரிந்த நீதிபதிதான் விசாரிப்பாரா?

அப்படி உத்தரவாதம் கிடையாது. இந்திய உயர் நீதிமன்றங்களில் எந்த வகை வழக்கை யார் கேட்பது என்ற ரோஸ்டரைத் தலைமை நீதிபதி போடுகிறார். உங்கள் வழக்கு எந்த வகையில் பதிவாகிறதோ, அந்த வகையை அப்போது கையில் வைத்திருப்பவரிடம் போகும். டெல்லி உயர் நீதிமன்றம் 2021-இலும் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இலும் காப்புரிமை உள்ளிட்ட அறிவுசார் சொத்துரிமைக்கென்றே தனிப் பிரிவை அமைத்தன. நல்ல ஏற்பாடு. ஆனால் ரோஸ்டர் மாறும்போது, விஷயத்தை ஆழமாகக் கற்றுக்கொண்ட நீதிபதி வேறு வகைக்குப் போய்விடுவார். எனக்கு இதில்தான் வருத்தம்.

அப்படியானால் தலைமை நீதிபதி நினைத்தவரிடம் வழக்கைக் கொடுக்கலாம் என்றாகிறதே?

ஒதுக்கும் அதிகாரம் அவருடையதுதான். 1998-இல் பிரகாஷ் சந்த் வழக்கிலும், 2018-இல் சாந்தி பூஷண் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே 2018 ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றத்தின் நான்கு மூத்த நீதிபதிகள், வழக்குகள் ஒதுக்கப்படும் விதத்தைப் பற்றிப் பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகக் குறை சொன்னார்கள்.

ஜெர்மனியில் வேறு வழி. அங்கே சட்டம் குறிக்கும் நீதிபதியிடமிருந்து யாரையும் விலக்கக் கூடாது என்று 1949-இன் அரசியல் சட்டமே, 101-ஆம் பிரிவில் சொல்கிறது. எந்த வழக்கு எந்த அமர்வுக்கு என்ற திட்டத்தை, நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் குழு ஆண்டு பிறக்கும் முன்பே எழுதி முடித்துவிடும். நடுவில் மாற்ற வேண்டுமானால் பணிச்சுமை, நீண்ட நாள் உடல்நலக் குறைவு போன்ற காரணம் வேண்டும். 2018 முதல் மாவட்ட அளவிலான பெரிய நீதிமன்றங்களில் வங்கி, கட்டுமானம், மருத்துவச் சிகிச்சை, காப்பீடு ஆகியவற்றுக்குத் தனி அமர்வுகள் கட்டாயம். ஆக, நிபுணத்துவமும் கிடைக்கிறது. குறிப்பிட்ட ஒரு வழக்குக்காக ஆள் பார்த்து அனுப்பவும் முடியாது. இரண்டும் சேர்ந்தால்தான் மக்களுக்கு நம்பிக்கை வரும். இதை நான் எங்கேயும் சொல்வேன்.

நன்கு தெரிந்த ஒரே நீதிபதியிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டாரே?

ஆமாம், சட்டம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார். அம்மா, இதற்கு டெக்சாஸைப் பாருங்கள். வேக்கோ நகரின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அப்போது ஒரே நீதிபதிதான் இருந்தார். காப்புரிமை வழக்கறிஞராக இருந்தவர். அங்கே தாக்கல் செய்தால் அவரிடம்தான் போகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2021 வாக்கில் அமெரிக்கா முழுவதும் பதிவான காப்புரிமை வழக்குகளில் ஏறத்தாழ கால்பங்கு அங்கே குவிந்தது. அவர் திறமைசாலி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நீதிபதியை வாதியே தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால் எதிர்த்தரப்புக்கு அது நியாயமாகப் படுமா? 2022 ஜூலையில், வேக்கோவில் பதிவாகும் காப்புரிமை வழக்குகளைப் பன்னிரண்டு நீதிபதிகளுக்குள் குலுக்கல் முறையில் பிரிக்க உத்தரவானது.

அதே நாட்டில் 2011-இல் தொடங்கிப் பத்தாண்டு நடந்த சோதனைத் திட்டம் எனக்குப் பிடித்தது. காப்புரிமை வழக்கு முதலில் குலுக்கலில் ஏதோ ஒரு நீதிபதிக்குப் போனது. அவருக்கு இஷ்டமில்லையென்றால் விட்டுவிட முடிந்தது. அப்புறம், இதற்கென முன்வந்த நீதிபதிகளுக்குள் மறுபடி குலுக்கல் நடந்தது. ஒரு நிபுணருக்குப் பதிலாக நிபுணர்களின் குழு, அதற்குள் அதிர்ஷ்டம்.

பொறியாளர்களே நீதிபதிகளாக உட்காரும் இடம் உண்டா?

உண்டு. ஜெர்மனியின் கூட்டாட்சிக் காப்புரிமை நீதிமன்றத்தில் 1961 முதல் தொழில்நுட்பம் படித்த நீதிபதிகள் இருக்கிறார்கள். 2023-இல் செயல்படத் தொடங்கிய ஐரோப்பிய ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றத்திலும் அப்படித்தான். இந்தியாவில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினரோடு நிபுணர் உறுப்பினரும் அமர்கிறார். நீதிமன்றம் என்றால், காப்புரிமைச் சட்டத்தின் 115-ஆம் பிரிவின் கீழ் அறிவியல் ஆலோசகரை நியமித்துக்கொள்ளலாம்.

நீதிபதிக்கே விஷயம் தெரியும் என்றால் சாட்சி எதற்கு?

அவசியம் வேண்டும். தன் அறிவைக் கொண்டு சாட்சியத்தைப் புரிந்துகொள்ளலாம். சாட்சியத்தில் இல்லாததைத் தன் அறிவிலிருந்து சேர்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. அப்படி எழுதினால் தோற்றவருக்கு மறுத்துப் பேச வாய்ப்பே இல்லாமல் போகிறது.

இந்த நீதிபதிதான் வேண்டும் என்று நான் கேட்கலாமா?

கூடாது. நீங்கள் கவனிக்க வேண்டியது வழக்கு வகையை. தாக்கல் செய்யும்போது வகையைத் தவறாகக் குறித்தால் வணிகத் தகராறு சாதாரண உரிமையியல் வழக்காகப் போய்ச் சேரும். திருத்தி மாற்றுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் அந்த ஒரு வரியைக் கேட்டுச் சரிபாருங்கள்.