மகன் கண்ணுக்கு முன்னால் எந்நேரமும் புள்ளி ஓடுது என்கிறான், பொய் சொல்கிறானா?

கேட்டிருப்பது இதுதான்: 10 வயது மகன், பார்க்கிற இடமெல்லாம் சின்னச் சின்னப் புள்ளி ஓடுது என்கிறான், கண் சோதித்ததில் பிழை ஒன்றும் இல்லையாம், படிக்கக் கள்ளத்தில் சொல்கிறானா?

கள்ளமாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். நான் வைத்தியர் இல்லை, இதே கதையைத் தன் வீட்டில் பார்த்த ஒரு அப்பா, அவ்வளவுதான்.

நாங்கள் மட்டக்களப்புப் பக்கம், ஆரையம்பதி. மகளுக்கு அப்போது 9 வயது. ஒருநாள் இரவு கறண்ட் போய் எல்லோரும் விறாந்தையில் இருக்கும்போது, "அப்பா, இருட்டில குறுணல் கூடுதலாத் துள்ளுது" என்றாள். என்ன குறுணல் மனே என்று கேட்டால், அம்மம்மா அரிசி புடைக்கும்போது சுளகில் துள்ளுமே அது மாதிரி, சுவரிலும் வானத்திலும், கண்ணை மூடினாலும் துள்ளுதாம். எப்ப இருந்து என்றேன். "எப்பவும்தானே, உங்களுக்குத் துள்ளாதா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். எனக்கு வெறும் கறுப்புத்தான் தெரியும் என்று சொன்னதை அவள் நம்பவே இல்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படியே பார்க்கிற பிள்ளைக்கு எல்லோருடைய கண்ணும் அப்படித்தான் என்ற எண்ணம், பிறகு எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது?

மறுகா நடந்தது உங்களுக்கும் நடந்திருக்கும். மாமி உப்பும் கொச்சிக்காயும் சுற்றி நாவூறு கழித்தார், அதில் நட்டமில்லை, எல்லோரும் இருமினதுதான் மிச்சம். ஒரு கண்ணாடிக் கடையில் கண்ணாடி தந்தார்கள், அது அலுமாரிக்குள் கிடக்கிறது. ஒரு கிளினிக்கில் ஒருவர் அவளுக்கு முன்னாலேயே "பிள்ளை நடிக்குது, போனைப் பறியுங்கோ" என்றார். அதற்குப் பிறகு மூன்று மாதம் அவள் கண்ணைப் பற்றி வாயே திறக்கவில்லை. காசு போனது கூடப் பரவாயில்லை, அந்த மூன்று மாதம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசியில் ஒரு கண் வைத்தியர் மருந்து விட்டுக் கண்மணியை விரிய வைத்து, விழித்திரை வரைக்கும் பார்த்து, கண்ணில் குறையில்லை என்று சொல்லி நரம்பு வைத்தியருக்குத் துண்டு எழுதித் தந்தார். அந்த நரம்பு வைத்தியர்தான் பெயரைச் சொன்னார்: விஷுவல் ஸ்னோ, பார்வைப் பனி. மட்டக்களப்பில் பனி விழுந்து யார் கண்டது, எங்கள் வீட்டில் இன்றைக்கும் அது குறுணல்தான்.

சங்கதி இதுதான். கண் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, அது அனுப்புவதை வாசிக்கிற மூளைப் பகுதி அளவுக்கு மிஞ்சி விழித்திருப்பதால் வேண்டாத இரைச்சலும் சேர்ந்து தெரிகிறது என்றுதான் இப்போது விளக்குகிறார்கள். அன்ரனா கழன்ற பழைய ரீவியை நினைத்துப் பாருங்கள். 2014இல் ஷாங்கின், கோட்ஸ்பி என்ற நரம்பு வைத்தியர்களின் குழு இதற்கு ஒரு வரையறை எழுதியது: பார்வை முழுக்கப் புள்ளி, 3 மாதத்துக்கு மேல் விடாமல், அதோடு பார்த்த பொருள் போன பிறகும் சாயல் நிற்பது, நீல வானத்தில் ஏதோ நெளிவது, வெளிச்சம் கூசுவது, இரவில் பார்வை குறைவது என்ற நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். என் மகளுக்குப் பந்து எறிந்தால் பந்துக்குப் பின்னால் வால் தெரியும், கல்லடிப் பாலத்தில் பகல் நேரம் போனால் வாவித் தண்ணீரின் மினுக்கத்துக்கு என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். காதில் இரைச்சலும் ஒற்றைத் தலையிடியும் பலருக்குச் சேர்ந்து வரும். இது கண்ணைக் குருடாக்காது, பெரும்பாலும் வரவரக் கூடுவதும் இல்லை. மாற்றும் என்று நிரூபித்த மருந்தும் இல்லை. லாமோட்ரிஜின் என்று வலிப்புக்குக் கொடுக்கிற மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்க்கிறார்கள், சிலருக்குக் கொஞ்சம் குறைகிறது, பலருக்கு ஒன்றும் இல்லை. ஆகவே சொட்டு மருந்தில் சுகமாக்குகிறேன் என்று யாராவது சொன்னால் காசை வீட்டிலேயே வைத்திருங்கள்.

நான் விட்ட பிழையையும் சொல்கிறேன். பெயர் தெரிந்த பிறகு காலையும் மாலையும் "இப்ப எப்படி, கூடவா குறையவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கிவிட்டாள், இரவில் அழுகை, நித்திரை இல்லை. கேட்பதை நிறுத்தி, நீயாகச் சொன்னால் கேட்பேன் என்று ஒருதடவை சொல்லிவிட்டு விட்டதும்தான் வீடு பழையபடி ஆனது. புள்ளி குறையவில்லை, அவள் அதைக் கவனிப்பது குறைந்தது. மற்றபடி சின்னச் சின்ன வேலைதான்: வெயிலுக்குத் தொப்பி, தூங்கும் அறையில் மங்கலாக ஒரு லைட், காது இரைச்சலுக்கு ஃபேன் சத்தம், பளிச்சென்ற வெள்ளைத் தாளுக்குப் பதில் கொஞ்சம் மங்கின தாள் கொப்பி, சாப்பாடும் நித்திரையும் நேரத்துக்கு. ரீச்சரிடம் பேசி யன்னல் வெளிச்சம் பலகையில் அடிக்காத இடத்தில் இருத்தச் சொன்னோம், அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் அன்றைக்கே மாற்றினார். நிறம் போட்ட கண்ணாடி சிலருக்கு உதவுமாம், எங்களுக்குப் பெரிதாக உதவவில்லை.

ஆனால் ஒன்று, புள்ளி என்றாலே இதுதான் என்று இருந்துவிடாதீர்கள். ஒரு கண்ணில் மட்டும் தெரிந்தால், திடீரென்று தொடங்கினால், மின்னல் வெட்டினால், திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தால், காலையில் தலையிடியோடு சத்தி எடுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இருட்டில் தட்டுத் தடுமாறினால் விற்றமின் ஏ குறைவா, பரம்பரை விழித்திரை நோயா என்று பார்க்கச் சொல்லுங்கள், சொந்தத்துக்குள் கலியாணம் செய்த குடும்பமென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் மகனுக்கு விழித்திரை வரைக்கும் பார்த்தார்களா, இல்லை எழுத்துப் பலகையை வாசிக்க வைத்தது மட்டுமா? பலகை மட்டுமென்றால் திரும்பப் போக வேண்டும். போகுமுன் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, தெரிகிற மாதிரியே வரையச் சொல்லிக் கையோடு கொண்டு போங்கள். எங்கள் மகள் தாள் முழுக்க, ஓரம் வரைக்கும், புள்ளி குத்தினாள், முக்கால் மணித்தியாலம் எடுத்தது. நரம்பு வைத்தியர் முதலில் கையில் எடுத்தது அந்தத் தாளைத்தான்.