வீட்டு லொத்தர்: இலக்கம் வந்தது, அழைப்பு வரவில்லை

நியூயோர்க் நகரில் மலிவு வாடகை வீடுகளைக் குலுக்கல் மூலம் கொடுக்கிறார்கள். அங்கே பிள்ளைகள் இருக்கும் வாசகர்கள் அதைப்பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: மகள் குடும்பம் குயீன்ஸில் வாடகைக்கு இருக்கிறது. வீட்டு லொத்தருக்கு விண்ணப்பித்து எட்டு மாதமாகிறது. 38 ஆயிரத்துச் சொச்சம் என்று ஓர் இலக்கம் மட்டும் வந்தது. அதே கட்டடத்துக்குக் கடைசி நாளில் விண்ணப்பித்த சிநேகிதிக்கு அழைப்பு வந்துவிட்டது. எங்கள் பிள்ளையின் விண்ணப்பம் எங்கேயாவது தவறிப் போயிருக்குமா?
— ஒரு தாய், கொக்குவில்

பதில்: தவறவில்லை அம்மா. இலக்கம் வந்திருந்தால் விண்ணப்பம் குலுக்கலுக்குள் போய்விட்டது என்றுதான் பொருள்.

எங்கள் ஊரில் வீட்டுத்திட்டம் என்றால் கிராம அலுவலரிடம் பதிவோம், புள்ளி போடுவார்கள், பட்டியல் ஒட்டுவார்கள். பெண் தலைமைத்துவக் குடும்பங்களும் மாற்றுத்திறனாளிகள் உள்ள குடும்பங்களும் முன்னுக்கு வரும். இந்த முறை கிடைக்காவிட்டால் அடுத்த முறை பெயர் மேலே ஏறும் என்று காத்திருப்போம். நியூயோர்க்கில் அந்த ஏற்றம் கிடையாது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனிக் குலுக்கல். போன குலுக்கலில் எவ்வளவு காலம் காத்திருந்தாலும் அடுத்ததில் அதற்கு ஒரு புள்ளியும் இல்லை.

‘ஹவுசிங் கனெக்ட்’ என்ற இணையத்தளத்தில் ஒரு கட்டடத்துக்கான விண்ணப்பம் குறிப்பிட்ட முடிவுத் திகதி வரை திறந்திருக்கும். முதல் நாள் அனுப்பினாலும் கடைசி நாள் அனுப்பினாலும் ஒன்றுதான். முடிவுத் திகதிக்குப் பிறகே கணினி எல்லா விண்ணப்பங்களையும் கலைத்து இலக்கம் கொடுக்கிறது. சிநேகிதி பிந்தி விண்ணப்பித்தும் முந்தியது அதனால்தான்.

இலக்க வரிசையில் கூப்பிடுவார்கள் என்றாலும் அந்த வரிசைக்குள் ஒதுக்கீடுகள் உண்டு. வீடுகளில் 5 வீதம் நடமாடச் சிரமப்படுவோருக்கு, 2 வீதம் பார்வை அல்லது செவிப்புலன் குறைபாடு உள்ளோருக்கு, 5 வீதம் நகர நிர்வாக ஊழியருக்கு. கட்டடம் அமைந்த வட்டாரத்திலேயே வசிப்போருக்கு முன்பு 50 வீதம் ஒதுக்கியிருந்தார்கள். 2015இல் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கு 2024 ஜனவரியில் இணக்கத்துக்கு வந்தபோது அது 20 வீதமாகக் குறைந்தது. ஆகவே 9,000ஆம் இலக்கக்காரர் அதே வட்டாரத்தில் இருப்பவர் என்றால், வெளியே இருக்கும் 700ஆம் இலக்கக்காரருக்கு முன்பே அழைக்கப்படலாம். நகரத்துக்கு வெளியே வசிப்பவர்கள் எல்லோருக்கும் பின்னால்தான்.

இன்னொரு சல்லடை வருமானம். ஒவ்வொரு வீட்டுக்கும் மேல் எல்லையும் உண்டு, கீழ் எல்லையும் உண்டு. இந்த எல்லைகளுக்கு அளவுகோல் ‘பிரதேச நடுத்தர வருமானம்’. 2025 கணக்கில் அது மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு 145,800 டொலர். ‘60 வீத’ வீடு என்றால் வருமான உச்சம் அதில் 60 வீதம், அதாவது 87,480. உங்கள் மகளோடு போட்டியிடுவது அதே பிரிவில், அதே அளவு வீட்டுக்குத் தகுதியான குடும்பங்கள் மட்டும்தான். அப்படியிருந்தும் நூறு வீடுள்ள கட்டடத்தில் 38 ஆயிரத்துக்கு முறை வருவது மிகவும் அரிது. ஒதுக்கீடு எதுவும் இல்லையென்றால் இந்த இலக்கத்தை மனதில் இருந்து விட்டுவிடச் சொல்லுங்கள். கொடிய சொல்லாகத் தெரியலாம். ஆனால் இந்த ஒன்றையே நம்பிக்கொண்டு மற்றக் கட்டடங்களுக்கு விண்ணப்பிக்காமல் இருப்பதுதான் உண்மையான நட்டம். சொந்த விபரங்களை ஒருமுறை பதிந்து வைத்தால் பிறகு ஒவ்வொரு கட்டடத்துக்கும் சில நிமிட வேலைதான்.

தகுதியான இலக்கத்துக்கும் முடிவுத் திகதியில் இருந்து 2 முதல் 10 மாதம் வரை செல்லலாம் என்றுதான் வழிகாட்டிகள் சொல்கின்றன, அதைத் தாண்டுவதும் உண்டு. கட்டடம் கட்டி முடிய முன்பே குலுக்கல் நடப்பது ஒரு காரணம். ஒரு வீட்டுக்காகப் பல குடும்பங்களின் கோப்புகளைப் பார்க்க வேண்டியிருப்பது மற்றக் காரணம். அதற்குள் கொடுத்த சம்பளச் சிட்டை பழசாகிப்போய்ப் புதிதாகக் கேட்பார்கள். கேட்டால் சலிக்காமல் அன்றைக்கே அனுப்பவேண்டும்.

கேள்வி: ஒருவர் 500 டொலர் தந்தால் இலக்கத்தை முன்னுக்குக் கொண்டுவரலாம் என்கிறார். கொடுக்கலாமா?
— வாசகர், சுன்னாகம்

பதில்: கொடுக்கவேண்டாம். இலக்கத்தை யாரும் மாற்றமுடியாது, விண்ணப்பிப்பது முற்றிலும் இலவசம். முறை வந்த பிறகு கடன் வரலாற்றை, அதாவது வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டியவரா என்பதை, பார்ப்பதற்கு மட்டும் கட்டணம் கேட்கலாம். அதற்கு மாநிலச் சட்டத்தின் உச்சம் 20 டொலர். படிவம் நிரப்ப உதவி தேவையென்றால் நகர நிர்வாகத்தின் ‘வீடமைப்புத் தூதுவர்’ அமைப்புகள் காசு வாங்காமல் செய்து கொடுக்கின்றன. நகர நிர்வாகத்தின் தகவல் எண்ணான 311க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

கேள்வி: மகளுக்குச் சீதனமாக மட்டுவிலில் நான்கு பரப்புக் காணியும் வீடும் எழுதிக் கொடுத்தோம். வங்கியில் எனக்கும் அவளுக்கும் கூட்டாக ஒரு நிலையான வைப்பும் உண்டு. லொத்தர் விண்ணப்பத்தில் இதையெல்லாம் காட்டவேண்டுமா? இங்கே இருப்பதை அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி

பதில்: காட்டவேண்டும் ஐயா. நியூயோர்க்கிலோ அதைச் சுற்றி 100 மைலுக்குள்ளோ குடியிருப்புச் சொத்து வைத்திருப்பவருக்குத்தான் வீடு மறுக்கப்படும். மட்டுவில் காணி அந்தத் தடைக்குள் வராது. ஆனால் அது சொத்து. சொத்துக் கேள்வி குடும்பத்தில் எல்லோருக்கும் உரியது என்பதால், உறுதி மனைவியின் பெயரில்தானே என்று மருமகன் விட்டுவிடவும் கூடாது. வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் அந்த வாடகையும் வைப்பின் வட்டியும் வருமானத்தில் சேரும். இலங்கை ரூபாயில் வருவது டொலரில் சிறு தொகைதான், அதனால் எல்லை தாண்டுவது அபூர்வம். மறைத்துப் பிறகு வெளியில் வந்தால் முழுக் கோப்பும் விழும்.

உறுதியின் பிரதியையும் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பையும் இப்போதே எடுத்து அனுப்பி வையுங்கள். வைப்புக்கு வங்கியிடம் ஒரு கடிதம் கேளுங்கள். கூட்டுக் கணக்கில் யாருடைய காசு எவ்வளவு என்று அதில் இருந்தால் நல்லது.

மகளின் அமெரிக்க வங்கிக் கூற்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சீட்டு எடுத்த காசு ஒரே நாளில் பெரிய தொகையாக விழுந்திருந்தால், எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். சீட்டுப் பிடித்தவரிடம் கையொப்பத்தோடு ஒரு கடிதம் வாங்கி வைத்திருந்தால் பதில் தயார்.

கேள்வி: தம்பி ஒரு தமிழர் வீட்டின் நிலக்கீழ் அறையில் இருக்கிறான். வாடகையைக் கையில் கொடுக்கிறான், பற்றுச்சீட்டு இல்லை. கடன் அட்டையும் இல்லை. முறை வந்தால் இது இடைஞ்சலா?
— வாசகி, கரவெட்டி

பதில்: பெரிய இடைஞ்சல், ஆனால் காலம் இருக்கும்போது திருத்தலாம். கடன் வரலாறு இல்லாதவர், 12 மாதம் வாடகையை முழுதாகக் கட்டிய ஆதாரத்தைக் காட்டலாம். கையில் கொடுத்த காசுக்கு அந்த ஆதாரம் கிடையாது. இந்த மாதத்திலிருந்தே காசோலையாலோ வங்கி மாற்றலாலோ கொடுக்கட்டும், “வாடகை” என்று மாதத்தின் பெயரோடு குறிப்பும் எழுதட்டும். வட்டார ஒதுக்கீடு கேட்க முகவரிக்கும் அத்தாட்சி வேண்டும். மின்சாரப் பட்டியல் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும் என்பதால் வங்கிக் கூற்று, தொலைபேசிப் பட்டியல் போன்றவற்றைத் தன் பெயருக்கும் அந்த முகவரிக்கும் மாற்றிவிடவேண்டும். குடியுரிமை இல்லாததைப் பற்றிப் பயம் வேண்டாம், விண்ணப்பிக்க அது தேவையில்லை.

கேள்வி: வருமானம் கூடிவிட்டது என்று மகனை நிராகரித்துவிட்டார்கள். மாதம் மாதம் எங்களுக்கு அனுப்பும் காசைக் கழித்தால் எல்லைக்குள்தான் வருவான்.
— தந்தை, மானிப்பாய்

பதில்: அனுப்பும் காசு கழிபடாது. சம்பளக்காரருக்கு வரி கழிக்க முந்திய தொகையைத்தான் பார்ப்பார்கள். ஆனால் வேறொரு வழி இருக்கலாம். கொடுத்த சம்பளச் சிட்டைகள் மேலதிக நேரம் அதிகமாக இருந்த மாதங்களுக்கு உரியவையா என்று பாருங்கள். அவர்கள் அடுத்த 12 மாத வருமானத்தை ஊகிக்கிறார்கள், நத்தார்க் காலத்துச் சிட்டையை வைத்துக் கணக்குப் போட்டால் தொகை ஊதிவிடும். “வழமையான வேலை வாரம் இவ்வளவு மணி, மேலதிக நேரம் நிச்சயமில்லை” என்று வேலைகொள்வோரிடம் கடிதம் வாங்கி, முழு ஆண்டின் மொத்தம் தெரியும் கடைசிச் சிட்டையோடு மேன்முறையீடு செய்யலாம். நிராகரிப்புக் கடிதம் வந்து 10 வேலை நாளுக்குள் அது போய்ச் சேரவேண்டும்.

கேள்வி: மகள் குடும்பம் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறது. அந்த நேரம் அழைப்பு வந்தால்?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: அழைப்பு மின்னஞ்சலில் வரும், ஆவணங்களுக்குக் கொடுக்கும் அவகாசம் சில வேலை நாள்கள்தான். கொடி ஏறித் தீர்த்தம் முடிய 25 நாள், அதற்குள் முறை போய்விடும். புறப்பட முன்பு சம்பளச் சிட்டைகள், வரிப் படிவம், வங்கிக் கூற்று, வாடகை ஒப்பந்தம், எல்லோருடைய அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் ஆகியவற்றை ஒளிப்படமாக எடுத்துத் தொலைபேசியில் வைத்துக்கொள்ளட்டும். குப்பை மின்னஞ்சல் பெட்டியை ஒவ்வொரு நாளும் பார்க்கவேண்டும். அமெரிக்க எண் இங்கே வேலை செய்யாது என்றால் பதிவில் உள்ள தொலைபேசி இலக்கத்தைப் புறப்பட முன்பே மாற்றவேண்டும். நேரில் வரச்சொன்னால், வெளிநாட்டில் இருப்பதையும் திரும்பும் திகதியையும் எழுதிப் பயணச்சீட்டை இணைத்து, வேறு நாள் தரும்படி அன்றைக்கே கேட்கவேண்டும்.